அண்ணன் கல்யாண ஃப்ளெக்ஸ்

அப்பா,

சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

நான் காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழாவுக்குப் போகிறேன். தைத்த வேஷத்தை உரச்சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டேன். யாருக்கும் காட்டாமல் நோட்டில் எழுதிவந்தேனே, அந்தக் கதையில் வரும் காவல்காரி வேஷம். அவள் யாரென்று மேடையேறி நானே சொல்ல வேண்டும். வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

கவசம் தைக்க, பரணில் இருந்த அண்ணன் கல்யாண ஃப்ளெக்ஸைக் கேட்காமல் வெட்டியது தப்புதான். "பெத்த அப்பன் மூஞ்சியிலயே கத்திரி வச்சுட்டியேடி" என்றீர்கள். அதோடு மூன்று நாளாகப் பேச்சே இல்லை. உங்கள் முகத்தில் கத்திரி படவில்லை அப்பா. வெட்டுப்பட்டதெல்லாம் மாமாமார்தான். உங்களை முழுசாக எடுத்து, கவசத்தின் முதுகில் உள்பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்துவிடுவேன்.

பாண்டிமீனா

பெரிய மாமா வந்து ஃப்ளெக்ஸ் எங்கே என்று கேட்டால், எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் மீசையில் ஊசி படாமல் சுற்றித்தான் தைத்தேன். மேடையில் எனக்கு என்ன பயம், பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள்தானே.