துரையின் மூன்று தகுதிச் சான்றிதழ்கள்

இன்று காலை உங்கள் மகன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பனிக்குள் உங்கள் நாய் துரை நிற்கிறது. உடம்பில் சிவப்புக் கம்பளிச் சட்டை, நான்கு காலுக்கும் பூட்ஸ் வேறு. வெறிநாய்த் தடுப்பூசி போடும் நாள் நெருங்குகிறதாம், பழைய காகிதங்களின் நகல் வேண்டுமாம். என் நாகல் நகர் கிளினிக் வாசலில் இரண்டு ஆடும் ஒரு பூனையும் காத்துக் கிடக்க, நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரை நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. சதைகூடப் போட்டிருக்கிறது. உங்கள் மேல்தான் எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. திட்டலாமென்றால் நீங்கள் இல்லை.

முதல்முறை பாலசமுத்திரத்திலிருந்து வாடகை வண்டி பிடித்து வந்து, துரையைத் தூக்கி என் மேசையில் நிறுத்தினீர்கள். "ஏனுங்க டாக்டரம்மா, இது நாட்டு நாய்ங்க. இதையெல்லாம் ஜெர்மனிக்காரன் உள்ள விடுவானுங்களா?" என்று கேட்டீர்கள். மனைவி போன பிறகு தோப்பு வீட்டில் தனியாக இருந்த உங்களை ஜெர்மனியில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறார். துரை இல்லாமல் வரமாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்கா, உற்சாகம் தாங்கவில்லை. நாய் பூனைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் காகித வேலையில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. "அதெல்லாம் போகும்யா, நான் அனுப்பிக் காட்டுறேன்" என்றேன். உங்கள் முகம் சுருங்கியது. அலைச்சலை நினைத்துப் பயப்படுகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

முதலில் தோலுக்கடியில் அடையாள சிப், அதன் பிறகுதான் வெறிநாய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து வெளிநாட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, அப்புறம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ஒன்றுகூடத் தப்பவில்லை ஐயா, அத்தனை கவனமாகச் செய்தேன். கடைசியாக நாயைச் சோதித்துப் பயணத்துக்குத் தகுதி என்று சான்றிதழ் எழுதினால், பத்து நாளுக்குள் அது அங்கே போய் இறங்கியாக வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? முதல் சான்றிதழ் எழுதிய ஐந்தாம் நாள், "தேங்கா வெட்டுக்கு ஆளு வந்துட்டாங்க" என்று போன். நாள் கடந்து காகிதம் செல்லாமல் போனது. இரண்டாவதற்கு, "கூண்டுக்குள்ள போகமாட்டேங்குதுங்க" என்றீர்கள். கூண்டோடு கொண்டுவரச் சொன்னேன். துரை என் கண் முன்னால் உள்ளே நடந்துபோய்ச் சுருண்டு படுத்துத் தூங்கியது. அதற்குள் அந்தச் சான்றிதழுக்கும் நாள் கடந்திருந்தது. நீங்கள் சுவரில் இருந்த மாட்டு மருந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒவ்வொரு தடவையும் சென்னையில் அரசு மருத்துவரின் முத்திரைக்கு நேரம் வாங்குவதும் ரத்து செய்வதுமாக எனக்கு வெறுத்துப்போயிற்று. போனில் உங்கள் பெயர் வந்தாலே, "வந்துட்டாருய்யா" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

மூன்றாவது தடவை கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தீர்கள்.

"செரியில்லைன்னு எழுதீருங்க."

"என்ன சரியில்ல?"

"காலு நொண்டுது, பிளேன்ல போகக் கூடாதுன்னு."

மேசையில் துரை நான்கு காலிலும் திடமாக நின்று வாலை ஆட்டியது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இதுக்குத்தான் இம்புட்டு நாளா என்னைய அலையவிட்டீங்களா?" என்று கத்தினேன்.

அப்போதுதான் சொன்னீர்கள். "நாட்டு நாய எவன் பிளேன்ல ஏத்துவான்னு நெனச்சுத்தான், துரை இல்லாம வரமாட்டேன்னு பையன்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. நீங்க ஏத்திப்போடுவீங்கன்னு கண்டனுங்களா?"

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று கோபம்தான் கூடியது. "போக இஷ்டமில்லைன்னா மகன்கிட்ட நேராச் சொல்லுங்க. வாயில்லாத சீவன் மேல ஏன் பழியப் போடுறீங்க? பொய் சர்டிபிகேட் என் கையால வராது."

"பையன் ஆசையாக் கூப்புடறான். வரமாட்டேன்னு எப்படீங்க சொல்றது?"

துரையின் நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்தேன், பல்லைப் பார்த்தேன், தகுதி என்று எழுதி முத்திரையை ஓங்கிக் குத்தினேன். "நல்லதுங்க" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனீர்கள். அந்த வாரமே விமானம் ஏறிவிட்டீர்கள். நிம்மதி என்று நினைத்தேன், மறைக்கவில்லை.

மூன்றாவது மாதம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று உங்கள் மகன் போனில் அழுதார். "அப்பா இங்க வந்து ஒருநாள்கூட எதுவும் கொறை சொன்னதில்லைங்க மேடம்" என்றார். எப்படிச் சொல்வீர்கள்! சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் நாய்க்கு நொண்டிக் கால் எழுதக் கேட்டிருப்பீர்களா? இங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் தோப்பில் உயிர் போயிருக்கும், அது தெரியும்.

இப்போதும் நீங்கள் வந்து கேட்டால் அந்தப் பொய்யை எழுதமாட்டேன் ஐயா. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நகல் எடுப்பதற்காகச் சற்றுமுன் என்னிடமிருந்த உங்கள் காகிதப் பிரதிகளைப் பிரித்தேன். மூன்று சான்றிதழிலும் அடியில், அங்கே நாயைப் பெற்றுக்கொள்பவர் என்ற கட்டத்தில், உங்கள் மகனின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. மூன்றும் என் கையெழுத்து. "தம்பி, அப்பாவுக்கு வர மனசில்ல." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. உங்களால் அது முடியாது என்று அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்து சொன்னீர்கள். நானாவது சொல்லியிருக்கலாம்.