குளவியின் முதுகில் கறுப்புக் கோடு

மனோர் பார்க், லண்டன்
கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள்

அன்புள்ள தம்பி வாமதேவனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் ஜெயகௌரியும் லக்‌ஷிகாவும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இதை மனதார எழுதுகிறேன். இதற்குக் கீழே இருப்பதையும் மனதாரத்தான் எழுதுகிறேன், ஆகவே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து வாசி.

போன் அடித்தால் எடுக்கிறாயில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை. என் மூத்தவள் ஜதுர்ஷிகாவின் கல்யாணம் முடிந்த மறுநாள் விடியவே ஸ்டுட்கார்ட்டுக்குப் பறந்தவன், இன்றுவரை வாய் திறக்கவில்லை. சரி, கடிதத்தை அழிக்க ஒரு பொத்தானும் இல்லைத்தானே. ஜெயகௌரி உரத்து வாசிக்கட்டும், நீ கேள்.

என்ன துணிவு உனக்கு! என் காரின் கறுப்புக் கோட்டுக்கு மேல் மஞ்சள் அடி என்று உனக்கு யார் சொன்னது?

அது என்ன கார் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. எழுபதாம் ஆண்டு புயிக் ஜி.எஸ்.எக்ஸ். அமெரிக்காவிலேயே அந்த வருஷம் ஆயிரம்கூடச் செய்யவில்லை. சுவீடனில் ஒரு விவசாயியின் கொட்டிலில், கோழி ஏறி அடைந்த கோலத்தில் கிடந்ததை உன் அத்தான் ட்ரெய்லரில் கொண்டுவந்து இறக்கியபோது நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனேன். துருவுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள், அங்கங்கே கறுப்பு. பிள்ளைகள் அன்றைக்கே குளவி என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் இருந்த ஸ்பானர் எல்லாம் மில்லிமீட்டர், அதன் நட்டு எல்லாம் அங்குலம். அவருக்கும் அதற்கும் ஓயாத சண்டை. இடையில் லைற் பிடித்துக்கொண்டு நின்று பேச்சு வாங்கியவள் நான். பேச்சு வாங்கி வாங்கியே வேலையையும் பழகினேன்.

ஸ்டியரிங் இடப்பக்கம். எங்கள் தெருவில் முன்னால் ஒரு பஸ் நின்றால், அதைக் கடக்கும்போது எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து, ஓம் போகலாம், இல்லை நில்லுங்கோ என்று சொல்லவேண்டும். உன் அத்தான் ஓட்டிய காலம் முழுக்க அந்த வேலை என்னுடையது. நான் நில்லுங்கோ என்றால் ஒரு வார்த்தை மறுத்துக் கதைக்காமல் நின்றுவிடுவார். வீட்டுக்குள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை, பாவி மனிதர்.

மஞ்சள் அடித்துக் கொஞ்சக் காலம் ஓட்டினார். பக்கங்களிலும் முதுகிலும் ஓடுகிற கறுப்புக் கோட்டைப் போட முன்னமே போய்விட்டார். அந்தக் கோட்டைப் போட்டது நான். ஓரம் மறைக்கிற நாடா ஒட்டி, கோணிப் பிழைத்து, உரித்து, மறுபடி ஒட்டி, பெயின்ற் துப்பாக்கியையும் என் கையால் பிடித்து, ஓரத்தில் அந்த மெல்லிய சிவப்பு இழையையும் இழுத்தேன். மூச்சு விட்டால் கை ஆடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேனடா. செத்த வீட்டுக்குப் பிறகு நான் அழாமல் செய்த முதல் வேலை அதுதான்.

முருகன் கோவிலில் வாகனப் பூசை செய்தபோது நீயும் பக்கத்தில் நின்றாய். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தது நீ. ஐயர் அந்தக் கறுப்புக் கோட்டின் மேல்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இதிலைதான் வடிவாத் தெரியுது பிள்ளை என்று சொல்லிச் சிரித்தார். முருகனுக்கு இல்லாத தீட்டுத் துடக்கு உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஜது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மா, கல்யாண ஹோலுக்கு என்னை நீங்கள்தான் ஓட்டிக்கொண்டு போகவேணும், அப்பாவின்ர கார், நீங்கள் ட்ரைவர் என்றாள். புருசன் இல்லாதவள் என்று ஆலாத்தி எடுக்க உன் மனிசி ஜெயகௌரியை நிறுத்தினாய். நான் வாய் திறந்தேனா? அறுகரிசி போடுகிற நேரம் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினாய். போனேன். கார் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் விட்டாயா?

பொலிஷ் போட்டுக்கொண்டு வாறன் அக்கா என்று முதல்நாள் கார்த் திறப்பை வாங்கினாய். தோர்ண்டன் ஹீத்தில் உன் சிநேகிதனின் கராஜில் விட்டு, கோடு முழுவதையும் மஞ்சளால் மூடி, கல்யாணக் காலையில் ட்ரக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாய். கல்யாணக் காரில கறுப்புக் கூடாது, மாப்பிள்ளை வீட்டாக்கள் முகம் சுளிச்சவை, பெயின்ற் இன்னும் காயேல்ல, ஓட ஏலாது என்றாய். நான் கூறைச்சேலைப் பெட்டியோடு படியில் நின்றேன். அடுத்த நிமிஷம் ரோசாப்பூக் கட்டிய வெள்ளைக் கார் வந்து நின்றது. ஜது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். நானும் சின்னவள் கம்சிகாவும் பின்னால் யாரோ ஒருவரின் வான் வண்டியில், சாப்பாட்டுச் சட்டிகளுக்கு நடுவில் போனோம். மணப்பெண்ணின் தாய்! உனக்குக் கண் இருந்ததா?

அன்றைக்கு நான் உன்னை நம்பினேன், அதுதான் என் விசர். பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வெள்ளைக் கார் ஓட்டிய பெடியன் இங்கே ஈஸ்ட் ஹாமில் இருக்கிறவன், கடையில் கண்டு கதைத்தான். உங்கட தம்பி ரெண்டு கிழமைக்கு முதலே புக் பண்ணிப்போட்டார் அன்ரி என்றான். இரண்டு கிழமைக்கு முதல் யார் வந்து கோட்டைப் பார்த்து முகம் சுளித்தது?

நான் அதோடு விடவில்லை. ரயில் ஏறி விம்பிள்டனுக்குப் போய் மாப்பிள்ளையின் தாய் கமலாம்பிகையிடம் நேரே கேட்டேன். அந்த மனிசி திகைத்துப்போனா. ஐயோ, நாங்கள் ஒண்டும் சொல்லேல்ல, அந்தக் கோட்டோட நிண்டு படம் எடுக்கவேணும் எண்டு என்ர மகன் ஆசைப்பட்டவன், நீங்கள் ஏன் ஓட்டேல்ல எண்டு நாங்கள்தான் யோசிச்சனாங்கள் என்றா. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

அப்போது விளங்கியது. காரில் இருந்த கறுப்பு உனக்கு ஒரு சாட்டு. பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி முன்னால் இருந்து மணப்பெண்ணை ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்பதுதான் உன் கணக்கு. அதை என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு வாய் வரவில்லை, ஆகவே காரின் மேல் பூசினாய். ஆக்கள் கதைப்பினம் அக்கா என்று கல்யாண ஹோலில் முணுமுணுத்தாயே, அந்த ஆக்கள் யார்? ஒரு ஆளின் பெயரைச் சொல் பார்ப்போம். நான் வீடு வீடாகக் கேட்டுவிட்டேன். உன்னைத் தவிர ஒருவரும் இல்லை. நாங்கள் பேர்லினில் இருந்த காலம் நீ அங்கே வந்து இறங்கியபோது என் குளிர்ச்சட்டையைக் கழற்றி உனக்குப் போட்டேனே, அப்போது நான் உனக்கு நல்ல சகுனமாகத்தானே இருந்தேன்?

இனி நடந்ததைக் கேள். உன் சிநேகிதன் அவசரத்தில், கீழே இருந்ததைத் தேய்க்காமலே மேலே அடித்திருக்கிறான். பிடிக்கவில்லை. போன கிழமை நகத்தால் கிளறிப் பார்த்தேன், அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரிக் கழன்று வந்தது. சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல மெல்ல உரித்தேன். என் கோடு அப்படியே இருக்கிறது, தம்பி. சிவப்பு இழையும் ஒரு நூல் விலகவில்லை. கராஜ் நிலத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன், பிறகு எழும்பி மிச்சத்தையும் உரித்தேன். முதுகும் வலப்பக்கமும் முடிந்தது. இடப்பக்கத்தைத் தொடவில்லை. அது உனக்கு.

வைகாசியில் கம்சிகாவின் கல்யாணம். அவள் இப்போதே சொல்லிவிட்டாள், அம்மா ஓட்டாட்டி நான் கூறையோட எலிசபெத் லைன் ரயில்ல போறன் என்று. சொன்னால் செய்வாள், தகப்பனின் பிடிவாதம். ஆகவே நான் ஓட்டுகிறேன். கறுப்புக் கோட்டோடு, இந்த நெற்றியோடு, இடப்பக்க ஸ்டியரிங்கில் இருந்து ஓட்டுகிறேன். இதைக் கேட்டு எழுதவில்லை, அறிவித்து எழுதுகிறேன். ஆலாத்தியும் இந்த முறை நான்தான் எடுப்பேன், ஜெயகௌரி பக்கத்தில் நின்று தட்டைப் பிடிக்கட்டும்.

வருஷக் கடைசி லீவு நாட்கள் பார்த்து வந்து சேர். பழைய உடுப்பு கொண்டுவா, பெயின்ற் உரிக்கும்போது கை முழுக்கப் பிசின். தாய்மாமன் இல்லாமல் என் பிள்ளை மணவறையில் இருக்கக்கூடாது. உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அந்த இடத்தில் வேறொருத்தனை நிறுத்த மாட்டேன்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். கம்சிகா மணப்பெண்ணாகப் பின்னால் இருப்பாள். வழியில் பஸ் நிற்கும். எனக்கு எதிரே வருவது தெரியாது. உன் அத்தானுக்கு நான் பார்த்துச் சொன்னேன். எனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

உன் பிள்ளை குட்டிகளோடு நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு. நீ வராவிட்டாலும் கார் போகும். பஸ் நகரும்வரை பின்னால் நின்று நின்று போவேன். அந்த வலப்பக்க சீட்டில் மட்டும் ஒருவரையும் ஏற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் ஆறாத அக்கா,
சிவனேஸ்வரி