கொற்கைக்குக் கடல் வந்த செய்தி

சென்னை
மார்ச் 12

அன்புத் தங்கை பேச்சிச்செல்விக்கு,

மாவட்ட நலப்பணி மசோதா நேற்றுக் காலை சட்டமன்றத்தில் அறிமுகமானது. சட்டமன்றச் செயலகம் நிருபர்களுக்குக் கொடுத்த நகல் என் மேசையில் இருக்கிறது; ஆகவே இது கேள்விப்பட்டதல்ல, படித்தது. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளையின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கே வருகிறதே மருத்துவ வண்டி, அதைப் பற்றிய விஷயம். இதுவரை எல்லா ஊருக்கும் அரசே செலவு செய்தது. இனி மலைக் கிராமங்களுக்கும் கடலோரக் கிராமங்களுக்கும் மட்டும்தான். மற்ற ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரியைத் தேடிப் போக வேண்டும். உங்களுக்கு என்றால் ஏரல்.

பதறாதே. கடலோர ஊர்களின் அட்டவணையில் கொற்கையும் இருக்கிறது. எதிரே காரணம் போட்டிருக்கிறார்கள்: 'துறைமுகம்'. பள்ளிக்கூடத்தில் படித்த பாண்டியர் துறைமுகத்தை யாரோ ஓர் அதிகாரி இன்னும் மறக்கவில்லை. கடல் விலகிப்போய், அங்கே இப்போது நெல்லும் வாழையும்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முப்பது வருடமாக மசோதா படிக்கிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. இதைச் செய்தியாக எழுதப்போகிறேன். மாப்பிள்ளையிடம் சொல், அவரும் சிரிப்பார்.

அன்புடன்
அண்ணன் செந்தூர்வேல்

*

கொற்கை
மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நீ சொன்னபடியே சிரித்தார். "ஏளா, பின்பக்கக் கதவத் தொறந்து பாரு, கப்பல் எதுவும் நிக்கா?" என்றார். நானும் சிரித்தேன். 'செய்தியாக எழுதப்போகிறேன்' என்ற வரி வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ இதை எழுதக் கூடாது. எழுதினால் அட்டவணையில் இருந்து கொற்கையை அடித்துவிடுவார்கள், வண்டியும் போய்விடும். பக்கவாதம் வந்த புதிதில் ஏரலுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும். கடைவாசலில் நிற்பவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு மாதம் வந்தார். பிறகு, "கை வந்தா வருது, வராட்டாப் போவுது" என்று படுத்துவிட்டார்.

வண்டி வரத் தொடங்கிய பிறகுதான் எழுந்தார். பயிற்சி கொடுக்கிற ஜஹ்ரா காயல்பட்டினத்துப் பெண். நல்ல வாய். "அண்ணாச்சி, இன்னும் அஞ்சு தரம்" என்பாள். "நீ எண்ணுதது எல்லாம் மீன்காரி எண்ணுத மாதிரிலா இருக்கு, அஞ்சு சொன்னா எட்டு வருது" என்று இவர் திட்டுவார். திட்டிக்கொண்டே செய்வார். போன வெள்ளிக்கிழமை தன் வேட்டியைத் தானே கட்டினார். வாசலுக்கு வருவதற்குள் அவிழ்ந்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் கட்டினார், அண்ணே, வலது கையால்.

விடாமல் செய்தால் வலது கை முழுதும் திரும்பும் என்கிறாள் ஜஹ்ரா. விட்டால் இருப்பதும் போய்விடுமாம். அந்த அதிகாரிக்குக் கொற்கையில் கடல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு என்ன நஷ்டம்?

எழுதினால் நான் பேசமாட்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பேச்சி

*

சென்னை
மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். வேட்டி அவிழ்ந்த இடத்தில் சிரித்தேன், மன்னித்துக்கொள்.

செய்தி ஞாயிற்றுக்கிழமை வரும். காரணத்தைச் சொல்கிறேன். இது இன்னும் மசோதாதான், அதை அலசிப் பார்க்கும் சட்டமன்றத் தேர்வுக்குழுவிடம் போயிருக்கிறது. இப்போது ஒரு வார்த்தையை மாற்ற ஒரு பேனா போதும். சட்டமாகிவிட்டால் ஒருநாள் தணிக்கைக்காரர் வருவார், கொற்கையில் கடலைத் தேடுவார், காணாமல் கையெழுத்துப் போடுவார். மறுநாள் வண்டி வராது. அப்போது நீ யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

இதை எழுதிவிட்டு யோசித்தேன். இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, தங்கை வீட்டுக்கு வண்டி வருகிறது என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டால், பக்கத்து ஊரில் படுத்திருப்பவனுக்கு வண்டி நிற்பதை எந்த முகத்தோடு எழுதுவேன்? அவன் ஊர் பாடப்புத்தகத்தில் வரவில்லை, அவ்வளவுதான் அவன் செய்த தப்பு. அவனையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். என் தங்கை இருப்பது கொற்கையில்தான் என்பதைப் பத்திரிகை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

கோபப்படு. ஆனால் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஒரு வரி எழுது.

செந்தூர்வேல்

*

கொற்கை
ஏப்ரல் 2

மச்சானுக்கு மாடக்கண்ணு எழுதுவது.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு ஜஹ்ராவைக் குறை சொல்ல வேண்டாம். முன்பும் இப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கத்தை மூன்று நாளாக எழுதுகிறேன்.

உன் தங்கை கடும் கோபத்தில் இருக்கிறாள். உன் பேப்பரை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள். உன் செய்தியை மட்டும் கத்தரித்து அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

வண்டி இன்னும் வருகிறது. ஊரில் எல்லாரும் என்னை "ஹார்பர் அண்ணாச்சி" என்று கூப்பிடுகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். கடல் எவ்வளவு தூரம் என்று சட்டத்தில் கேட்கிறார்களே, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று கேட்டால் என்ன? கடலுக்கு நான் எதற்குப் போகிறேன்? பஸ்ஸுக்குத்தான் போக முடியவில்லை.

பேப்பரில் போடுவதானால் பேரோடு போடு.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

மாடக்கண்ணு

*

சென்னை
ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கும், படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படிக்கப்போகும் பேச்சிக்கும்,

தேர்வுக்குழு நேற்று மாலை அறிக்கையை முடித்தது. குழுத் தலைவரே நிருபர்களிடம் சொன்னார். நகலையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். கடலோர அட்டவணையில் இருந்து கொற்கையை அடித்துவிட்டார்கள். பேச்சி, கடிதத்தைக் கிழிக்காதே, மேலே படி.

புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். பேருந்து நிறுத்தம்வரை துணையில்லாமல் நடக்க முடியாத நோயாளி எந்த ஊரில் இருந்தாலும் அங்கே வண்டி போக வேண்டும். மாப்பிள்ளையின் கேள்வியைப் பேரோடு போட்டிருந்தேன் அல்லவா, அதை ஓர் உறுப்பினர் குழுவில் வாசித்தாராம். சிரித்தார்களாம். பிறகு ஒருவரும் மறுத்துப் பேசவில்லையாம். பக்கத்து ஊர்க்காரனுக்கும் இனி வண்டி உண்டு.

மாப்பிள்ளை, ஒரு சிக்கல். பஸ் ஸ்டாப்வரை நீங்கள் தனியாக நடந்துவிட்டால் உங்களுக்கு வண்டி நின்றுவிடும். அந்தச் செய்தியையும் நானே எழுதுகிறேன்.

இது இன்னும் சட்டமாகவில்லை. வாக்கெடுப்பு ஏப்ரல் 24 அன்று. அதன்பின் ஆளுநர் ஒப்புதல். அதற்குத் தேதி யாரும் சொல்லவில்லை. அதுவரை பழைய ஏற்பாடுதான், வண்டி வரும்.

முடிவு தெரியாத விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. நேற்று எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கிலோ காரச்சேவு. கடிதம் இல்லை. மேலே அனுப்புநர் முகவரி மட்டும், எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில்: 'பேச்சிச்செல்வி, துறைமுகம், கொற்கை.'

இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? 24ஆம் தேதிக்குள் உறுதிப்படுத்தவும்.

செந்தூர்வேல்