சளி பிடித்தால் போதும்

நம் மகளைப் பெற்றவளுக்கு ஸலாம்.

பேரன் பிறந்த சந்தோஷத்தில் தினமும் வீடியோவில் முகம் காட்டச் சொல்கிறாய். போன் கேமரா கெட்டுப்போச்சு என்று நான் சொன்னது பொய். ஷார்ஜாவுக்கு வரும் பக்கத்து வீட்டு அஹ்சனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மகள் காதில் விழும்படி படித்துவிடாதே.

பாக்கு அதக்கும் பக்கம், கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு. வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்க மாட்டேன் என்கிறது. தென்காசி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் எங்கோ அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு கூடியிருக்கிறதாம்.

"சளி, காய்ச்சல் இருந்தாலும் இது கூடும் பாய். ரத்தத்தை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. திட்டுல துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். ஒங்களுக்குச் சளி இருக்கா?"

"ஆமா டாக்டர், மூக்கு ஒழுகுது" என்றேன்.

மூக்கு காய்ந்துதான் கிடந்தது. சதை எடுக்கத் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நேரே குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. உதடு நடுங்க நடுங்க நின்றேன்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க, ஜன்னி கண்டுரும்" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். தலை துவட்டாமல் ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தேன்.

நாளைக்குத் திங்கள். மகளுக்குப் பிரசவத்து நாற்பது நாள் கழியும்வரை நீ அங்கேயே இரு என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்னும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

உன்னை உடனே பார்க்க வேண்டும் போலிருக்கும்,
உன் வீட்டுக்காரன்