துர்க்கை வழிபாடு, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

ரொறன்ரோ
மே 12

அன்புள்ள மகள் துர்க்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கடிதம் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்பதால் எழுதுகிறேன், மற்றப்படி அப்பாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் முருகனைக் கூப்பிடுகிறது, என்னுடைய கொலஸ்ட்ரோலைப் பார்த்து டொக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேர்த்தில் நீயும் மருமகனும் சின்னவனும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதமா, அம்மாவுக்கு என்ன பிடித்தது என்று நீ யோசிப்பாய். வாட்ஸ்அப்பில் நான் குரல் அனுப்பினால் நீ இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறாயாம், மருமகன் வாய்தவறிச் சொல்லிவிட்டார், பாவம், அவரோடு சண்டைக்குப் போகாதே. போனில் சொல்லலாம் என்றால் நான் இரண்டாவது வசனத்துக்கு வருவதற்குள் நீ தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவாய். கடிதத்தை உன்னால் மறிக்கவும் முடியாது, ஓடவைக்கவும் முடியாது, ஆறுதலாக இருந்து வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட சட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜூலையில் வந்து நிற்கும்போது சின்னவனை அப்பா தனியாக எங்கேயும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, பார்க்குக்குக்கூட வேண்டாம் என்றாயே. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஓம் பிள்ளை, அதுதான் சரி என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய், சின்னவனுக்கென்று காரில் பூட்டி வைத்திருந்த ஆசனத்தைக் கழற்றி பேஸ்மென்ரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார். அந்த ஆசனத்தைப் பூட்டுவதற்கு மனிசன் இரண்டு கிழமையாக விளக்கப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தவர். உன்னைக் குறை சொல்லவில்லை. காப்புறுதிக் கம்பனியில் எந்த வீடு எரியும், எந்தக் கார் மோதும் என்று கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நீ. நாலு வயதில் உன்னைத் தொலைத்த ஆளிடம் உன் பிள்ளையைக் கொடுக்காதது கெட்டித்தனம்தான். அப்பா தொலைத்தார் என்று உனக்குச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி. நான்தான் சொன்னேன். சோற்றோடு பிசைந்து ஊட்டினேன் என்றே சொல்லலாம்.

கதை உனக்கு மனப்பாடம், ஆனாலும் நான் சொல்லி வந்த மாதிரியே ஒருமுறை எழுதுகிறேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம், அப்பாவுக்கு ஒஷாவாவில் ஃபாக்டரி வேலை, அவருடைய ஃபோர்மன் புளூகிராஸ் விழா என்று மூன்று ரிக்கற் கொடுத்தார். அப்பா அதை நீலப் புல் கண்காட்சி என்று விளங்கிக்கொண்டு, வீட்டு முன்பக்கத்துக்குப் புல் விதை வாங்கி வர ஒரு வெறும் பையும் கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால் அது ஒரு வகைச் சங்கீதமாம், ஒரு பண்ணை வெளியில் நாலு வெள்ளைக்காரர் தொப்பியோடு நின்று மூச்சுவிடாமல் பான்ஜோ வாசிக்கிறார்கள். அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், உன் கையை விட்டார், முக்கால் மணித்தியாலம் நீ இல்லை, கடைசியில் சோளம் விற்கிறவரின் மேசைக்குக் கீழே இருந்து ஒரு முழுச் சோளத்தோடு வெளியே வந்தாய். இதைத்தான் கலியாணவீடு, சாமத்தியவீடு, ஏன், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி வீட்டில்கூடச் சொல்லிச் சனத்தைச் சிரிக்கவைத்தேன். ரெக்ஸ்டேலில் இருக்கிற உன் சச்சிதானந்தன் மாமா இன்றைக்கும் கைக்குழந்தையை அப்பாவிடம் நீட்டுவார், அவர் கையை நீட்டியதும், ஐயோ பான்ஜோ லிங்கத்திட்டைக் குடுக்கப் பாத்தன் என்று இழுத்துக்கொள்வார். எல்லோரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். ஆனால் ஒருவரும் அவரிடம் ஒரு குழந்தையைக் கொடுத்ததில்லை.

சரி, இனித்தான் விஷயம். நான் பென்சன் எடுத்தபிறகு லைப்ரரியில் செவ்வாயும் வியாழனும் வொலன்ரியர் செய்கிறேன் என்று சொன்னேன், நீ நல்லது அம்மா என்றாய், என்ன வேலை என்று கேட்கவில்லை. அந்தப் புளூகிராஸ் விழா இப்போது நடப்பதில்லை. நடத்தியவர்களின் குடும்பம் இருபது வருடமாக மேடைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்த இருநூற்றுப் பதினாலு கசற்றைத் தூசியோடு லைப்ரரிக்குத் தந்துவிட்டது. நானும் நினைத்துப் பார்க்கவில்லை, உலகத்தில் இருக்கிற இத்தனை சங்கீதத்துக்குள் எனக்கென்று புளூகிராஸ் வந்து வாய்த்தது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கசற்றாகக் கேட்டு, எந்த நாள், எந்தக் குழு, என்ன பாட்டு, எத்தனை நிமிடம், பாட்டுக்கு இடையில் யார் என்ன கதைத்தார்கள் என்று எல்லாம் அட்டவணையில் எழுதவேண்டும். ஒரு பாட்டு மூன்று நிமிடம், அதற்கு முன் தந்தி முறுக்குவது ஆறு நிமிடம், முறுக்குவதையும் எழுதவேண்டும். பாட்டில் அரைவாசி தாய் செத்துப்போன பாட்டு, அதையும் கலியாண மேளம் மாதிரி ஓட்டமாகத்தான் வாசிப்பார்கள். பிள்ளைகள் தாயை இத்தனைதரம் நினைத்துப் பாடுவதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, எனக்கு வாய்த்தது ஞாயிற்றுக்கிழமை ஒரு போன்.

இந்த வேலைக்குப் பொறுப்பு கிளடிஸ் என்ற வெள்ளைக்காரி, எழுபத்தெட்டு வயது, என்னைவிட வேகமாக நடப்பாள், அந்த விழா ஒன்றையும் தவறவிடாதவள். உன் சட்டம் வந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, முகமெல்லாம் பல்லாக ஒரு கசற்றைக் கொண்டு வந்தாள். எனக்கு முன் வேலைசெய்த ஒரு யூனிவர்சிற்றிப் பிள்ளை அதற்கு எழுதிவைத்த குறிப்பைக் காட்டினாள். பாடகி பெயர் தெரியாது, இந்துத் தெய்வமான துர்க்கையை நோக்கிய வழிபாடு, பக்கவாத்தியம் இல்லாமல் தொடங்கிப் பின்னர் வயலின் சேர்கிறது, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, நீண்ட கைதட்டல். இது ஒரு புதையல், லைப்ரரியின் வெப்சைற்றில் முதலாவதாகப் போடப்போகிறோம், உங்கடை பாசைதானே, பொருளை எழுதித் தா என்றாள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை, ஹெட்ஃபோனை மாட்டினேன். துர்க்கா, துர்க்கா என்று ஒரு பெண் கத்துகிறாள். பிறகு, எடியேய் துர்க்கா என்கிறாள். அம்பாளை எடியேய் என்று கூப்பிடுகிற வழிபாடு எந்த ஊரில் என்று சிரிக்கப் போனேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அது என் குரல்.

அன்றைக்கு உன்னைக் காணாமல் அழுதுகொண்டு மேடைக்கு ஓடிய என்னிடம் யாரோ மைக்கைத் தந்தார்கள், எனக்கு அந்த நேரம் இங்கிலிஷ் ஒரு சொல்லும் வரவில்லை, வந்தாலும் உனக்கு அப்போது தமிழ்தானே விளங்கும். நான் குழறக் குழறப் பின்னால் வயலின்காரன் என் சுருதியைத் தேடிப் பிடித்து மெல்ல வாசிக்கிறான், பாட்டு என்று நினைத்தானாக்கும். அதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம் பிள்ளை, என் சொற்களைத்தான் சிரிக்க முடியாது. அதில் நான் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். துர்க்கா, அம்மா இஞ்சை மேடையிலை நிக்கிறன் ஓடிவா, உன்னை மரத்தடியிலை இருத்திப்போட்டு அங்காலை போனது என்ரை பிழைதான், அப்பா சாப்பாடு எடுக்கக் காருக்குப் போனவர், என்னை நம்பித்தானே உன்னை விட்டிட்டுப் போனவர், அவர் வாறதுக்கிடையிலை வந்திடு குஞ்சு என்கிறேன். ஒரு பாங்க்காரர் கூடாரம் அடித்து, பெயர் எழுதிக் கொடுத்தால் குடை இலவசம் என்று தந்துகொண்டிருந்தார்கள், அதற்கு வரிசையில் நிற்கப் போனேன். ஒரு குடைக்காக. கசற்றில் கடைசியாக அப்பாவின் குரல் வருகிறது, ஓடிவந்து மூச்சு வாங்குகிறது, அழாதை குணவதி, நான் பாக்கிறன் என்கிறார். அவ்வளவுதான், பிறகு சனம் கைதட்டுகிறது.

அன்றைக்குப் பின்னேரம் உன்னைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனபோது எல்லோரும் எப்படி நடந்தது என்று சுற்றிநின்று கேட்டார்கள். என் வாயில் முதலில் வந்தது, உவர் பான்ஜோவைப் பாத்துக்கொண்டு நிண்டவர் என்பதுதான். அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். அடுத்தமுறை சொல்லும்போது வாய் பிளந்ததைச் சேர்த்தேன், அதற்கடுத்த முறை தாளம் போட்டதையும் சேர்த்தேன். நாளடைவில் நானே அதை நம்பிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. பாதி நம்பினேன். மற்றப் பாதி எங்கேயோ கிடந்தது, நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கசற்றின் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுதையும் கேட்டார். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிறகு சொல்கிறார், வழிபாடு எண்டே எழுதிவிடன், ஆருக்கு என்ன நட்டம், பிள்ளை கேட்டால் உன்னிலையெல்லோ கோவிப்பாள். இருபத்தேழு வருடம் ஊர் முழுக்கச் சிரித்த சிரிப்பை வாங்கி வைத்திருந்த மனிசன் எனக்கு வரப்போகிற உன் கோபத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏன் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை என்று அவரோடேயே சண்டை பிடித்தேன், பார், அதிலும் குற்றம் அவருடையதுதான். நீ அண்டைக்கு நடுங்கினது எனக்கல்லோ தெரியும் என்றார். அதற்கு மேல் எனக்குச் சண்டை வரவில்லை, அழுகைதான் வந்தது.

அப்பா சொன்னபடி செய்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கிளடிஸுக்குப் புதையல், லைப்ரரிக்குப் பெருமை, எனக்குப் பாடகி என்று பெயர், அம்பாளும் வந்து மறுக்கப்போவதில்லை. வியாழக்கிழமை போய் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு, பாட்டு அல்ல, காணாமல்போன பிள்ளையைத் தாய் கூப்பிடுகிறாள், பேசுபவர் குணவதி சண்முகலிங்கம் என்று பெயரோடு எழுதி, நான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் எழுதினேன். தெளிவில்லை என்று போட அட்டவணையில் வசதி இருக்கிறது, அந்த இடத்தில் கை ஒருதரம் நின்றது, என் பிழைதான் என்ற இடத்தில். பிறகு எழுதினேன். கிளடிஸ் வாசித்துவிட்டு வழிபாடு போய்விட்டதே என்று முதலில் முகம் தொங்கினாள், பிறகு கண்ணாடிக்கு மேலால் பார்த்து, பிள்ளை கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது, இப்போது அவுஸ்திரேலியாவில் இருந்து எங்களுக்குச் சட்டம் போடுகிறது என்றேன்.

துர்க்கா, உன் அப்பா உன் கையை விடவில்லை. நான்தான் விட்டேன். சட்டம் வேண்டுமென்றால் எனக்குப் போடு, சின்னவனை அம்மாவோடு தனியாக விடக்கூடாது என்று சொல், ஓம் பிள்ளை அதுதான் சரி என்று நானும் சொல்கிறேன், அப்பா அளவுக்கு நல்லாகச் சொல்ல வராது. புரட்டாதியில் யூனியன்வில்லில் மாமாவின் மகளுடைய கலியாணம், அங்கே எப்படியும் அந்தக் கதையைக் கேட்பார்கள், எழும்பி நின்று சரியாகச் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் முத்திரையைக் கழற்றி எடுத்துவிடுவார். நேற்றுக் கேட்காமலே அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன், டொக்டர் ஏதும் சொன்னவரோ என்று கேட்கிறார். மன்னிப்புக் கேட்டேன், அதை விடு, கோப்பிக்குச் சீனி காணாது என்றார்.

சாப்பாட்டைத் தவறவிடாதே, சின்னவனுக்கு ஐபாட்டைக் காட்டிச் சோறு தீத்தாதே, மருமகனைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நல்லாக இருக்க உண்மையான துர்க்கை அம்மன் துணையிருக்கட்டும், இம்முறை எடியேய் என்று கூப்பிடாமல் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு காரியம் மட்டும் மறக்காதே, வாசித்து முடித்தவுடன் போன் எடு. எனக்கு வேண்டாம், அப்பாவின் நம்பருக்கு எடுத்து, அந்த ஆசனத்தைத் திரும்பக் காரில் பூட்டச் சொல்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னைத் தொலைத்தவள்,
அம்மா
குணவதி சண்முகலிங்கம்