உதட்டில் பட்ட பிறகா, படும் முன்பா?

அத்தை,

இன்று காலை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் புது மேரி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த வாசனை வந்ததுமே உங்கள்மேல் கோபம் வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் நீங்கள் என் முன்னால் உட்காரவே மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் உங்கள் வீட்டுக்கு வந்தால், தேநீரை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவீர்கள். ஒருநாள் என் பிஸ்கட் ஊறிக் கிளாசுக்குள் விழுந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். "மாப்பிள்ளைக்கு முக்கத் தெரியலலா" என்று மகளிடம் சொன்னீர்கள்.

"அப்ப நீங்க வந்து முக்குங்க அத்தை" என்றேன். வந்தீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தீர்கள்.

அப்படித்தான் நம் போட்டி தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் பிஸ்கட்டைப் பாதிவரை முக்க வேண்டும். கடைசிவரை வைத்திருந்து, உடையாமல் வாயில் போடுபவருக்கு வெற்றி. உங்கள் மகள்தான் நடுவர். பெரும்பாலும் நீங்களே ஜெயிப்பீர்கள். ஜெயித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் "இன்னொரு கிளாஸ் போடவா மாப்பிள்ளை?" என்பீர்கள். எரிச்சலாக வரும்.

கடைசிப் போட்டியில் நான் முதலில் எடுத்து முழுசாகத் தின்றுவிட்டேன். உங்கள் துண்டு சேலையில் விழுந்தது.

"உதட்டுல பட்டப்புறம்தான் விழுந்துச்சு. செல்லும்."

"படவே இல்ல அத்தை!"

நடுவரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, அடுத்த ஞாயிறு வாங்க, மறுபடி வச்சுக்கலாம்" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு நீங்கள் மருத்துவமனையில் கிடந்தீர்கள். பக்கவாதம். விழுங்கினால் புரையேறிவிடும் என்று தேநீரையே நிறுத்திவிட்டார்கள். குழறிக் குழறி நீங்கள் பிஸ்கட் கேட்டது எனக்கு மட்டும்தான் புரிந்தது. தாதியிடம் கெஞ்சினேன். "முடியாது அங்கிள், ரொம்ப ரிஸ்க்" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். கூழ்போலக் கெட்டியாக்கிய தண்ணீரைக் கரண்டியில் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

நீங்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை. போட்டி மறுபடி நடக்கவே இல்லை.

இன்று என் முகத்தைப் பார்த்த உங்கள் மகள், "போனாப் போவுது, அம்மா ஜெயிச்சதாவே வச்சுக்குங்களேன்" என்றாள்.

"சும்மா விட்டுக்கொடுத்தா உங்கம்மா வாங்கிக்க மாட்டாங்க" என்றேன். அவள் எழுந்து போனாள்.

அந்த பிஸ்கட் உங்கள் உதட்டில் படவில்லை, அத்தை. எங்கே வந்து வேண்டுமானாலும் சொல்வேன். "பட்டுச்சு" என்று ஒரே ஒருமுறை நீங்கள் திருப்பிக் கத்த வேண்டும், அவ்வளவுதான்.