கோபுரத்தில் கேட்ட கேள்வி

அன்பு மகளே,

இன்று காலை லூக்கா நகரைப் பார்க்க வந்த பயணிகளைக் கோபுரத்துக்கு அழைத்துப் போனேன். உச்சியில் வளரும் மரங்களின் கதையைச் சொல்லி முடித்ததும், தொப்பி போட்ட ஒரு பெண் கேட்டாள்.

“அந்தப் பச்சை ஜன்னல் வீட்ல இப்போ யாரு இருக்காங்க?”

உன் அம்மாவின் குரல். ஒன்பது வருடம் கழித்து, பயணிகளோடு பயணியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“வழிகாட்டி ஒருத்தன். தனியாத்தான் இருக்கான்.”

“சமைக்கக் கத்துக்கிட்டானா?”

“இன்னும் இல்ல.”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ரயிலடியில் விட்டிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

இப்போது உன் கட்டிலில் அசந்து தூங்குகிறாள். நான்கு முறை கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். ஊருக்கே கதை சொல்பவனுக்கு, அவள் எழுந்ததும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பெட்டியை மட்டும் அவளுக்கு எட்டாதபடி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

உன் அப்பா